கலியமூர்த்தி கண் சிமிட்டிய நாள்

கிள்ளானில் கலியமூர்த்தி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டுமென்றால் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டுதான் குடிக்க வேண்டும் என்று அவருடைய மச்சான் சிவநேசன் பல வருடங்களாகச் சொல்லிவந்தார். ஆறிப்போன காப்பியை அந்தக் கூரை விளக்குகளுக்குக் கீழே பிடித்தால் மறுபடி கொதிக்கும் என்பார். ஒரு தீபாவளியன்று அங்கே வந்த விருந்தாளி ஒருவரின் மீசை நுனி கருகியதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்வார். சிவநேசன் சொல்வதில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் இருப்பதே ஆளைச் சுடும். அவை ஹாலோஜன் விளக்குகள். ஒவ்வொன்றும் சின்னத் தேநீர்க் கோப்பை அளவுதான். ஆனால் கூரை முழுக்கப் பதித்துவிட்டால் வெளிச்சம் தேனாக ஒழுகும், வியர்வை ஆறாக ஓடும்.

வீட்டைப் புதுப்பித்த காலத்தில் கலியமூர்த்தி கடைகடையாக அலைந்து பொறுக்கி எடுத்தவை அவை.

"மச்சான், இந்த வெளிச்சத்துலதான் எம்மவளுக்குப் பரிசம் போடுவேன். தங்கம் மாதிரி ஜொலிப்பா, பாத்துக்க."

"பரிசம் போட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள கருவாடா ஆயிடும்லா. எல்இடி மாத்து மச்சான், எல்இடி!"

"நான் உசுரோட இருக்கறவரைக்கும் அந்தச் செத்த வெளிச்சம் இந்த வீட்டுக்குள்ள வராது."

வரவில்லை. கலியமூர்த்தி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. கொண்டுவந்தவர் சிவநேசன்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த சிவநேசன், ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தாம் பிறவி எலக்ட்ரீஷியன் என்பது அவருக்கே தெரியவந்தது. எல்லாம் கைப்பேசிக் காணொளிகளின் உபயம். அடுக்குமாடியில் ஒரு பல்பை அவர் விட்டுவைக்கவில்லை. அவர் லிப்டில் ஏறுகிறார் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏணியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார்கள். "ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கற லைட்டயாவது விட்டுவைங்க சாமி" என்று மனைவி சந்திரகலா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதரின் தங்கை வீட்டில் ஹாலோஜன் எரிந்தால் அவருக்குத் தூக்கம் வருமா? கலியமூர்த்தியின் மனைவி குமுதா அவருடைய சொந்தத் தங்கை. அவள் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு, பூச்சோங்கைச் சேர்ந்த கிஷன் என்ற பையனோடு பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் விஷ்ணுப்ரியாவுக்குப் பாதி உயிர் போயிருந்தது. சிவநேசன் தாய்மாமன். தட்டைத் தொட்டுக் கொடுக்க வேண்டிய ஆள். அந்த உரிமையோடு போய் முன்னறையில் நின்றார்.

சுவரில் கலியமூர்த்தியின் படம். அதற்கு நேர் மேலே கூரையில் மூன்று விளக்குகள், படத்துக்கென்றே அவர் போனபின் குமுதா எரியவைப்பவை. சூட்டில் பிளாஸ்டிக் மாலை வெந்த கீரைபோலச் சுருண்டிருந்தது.

"பாரும்மா, படத்துக்கே வேர்க்குது. பரிசத்துக்கு வர்றவங்க கதி என்ன?"

"அவரு ஆசையா மாட்டுனதுண்ணே."

"ஆசை இருக்கட்டும்மா, சூடு எதுக்கு? அதே மஞ்சக் கலர்லயே எல்இடி இருக்கு. உனக்கே வித்தியாசம் தெரியாது."

குமுதா படத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம்ணே."

அந்தப் பெருமூச்சை சிவநேசன் சம்மதக் கணக்கில் எழுதிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அந்த விளக்குகளுக்கு வீட்டு மின்சாரம் நேராகப் போவதில்லை. கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும் சிறு பெட்டிகள் அதைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். பழைய பெட்டிகள் ஹாலோஜனின் பெருந்தீனிக்குப் பழகியவை. எல்இடியோ கொறித்துவிட்டு எழுந்துவிடும். பல்லக்குத் தூக்கிப் பழகிய ஆள் கையில் கோழி இறகைக் கொடுத்தால், எதையாவது தூக்கியிருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் அவனுக்குக் கை நடுங்குமல்லவா, அந்தப் பெட்டிக்கும் அப்படித்தான். ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் சிமிட்டும். அதனால் பல்பை மாற்றினால் பெட்டியையும் மாற்று என்று காணொளியில் ஒரு வெள்ளைக்காரர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். சிவநேசனும் புதுப் பெட்டிகளை முறையாக வாங்கித்தான் வந்தார். கூரை முழுக்க ஒவ்வொன்றாகப் பழைய பெட்டியை உருவி, புதுப் பெட்டியை நுழைத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை.

படத்துக்கு மேலே இருந்த மூன்று விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அது மட்டும் சுவரோரத்துப் பூவேலைப்பாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தோள்பட்டைவரை கையை விட்டாலும் விரல் நுனிதான் பட்டது. முழங்கால் முனகியது. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து நண்டுக் குழம்பின் வாசம் கிளம்பி, ஏணியின் ஒவ்வொரு படியாக ஏறி வந்து சிவநேசனின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"அண்ணே, சோறு ஆறுது!"

சிவநேசன் யோசித்தார். பழைய பெட்டியிலேயே எல்இடியை மாட்டிப் பார்த்தார். எரிந்தது. அருமையாக எரிந்தது. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? மிஞ்சிய புதுப் பெட்டியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் சும்மா போயிருக்கலாம். படத்தின் முன் நின்று, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, "தோத்துட்ட மச்சான்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டிவிட்டு நண்டிடம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூச்சோங்கிலிருந்து மூன்று காடிகளில் வந்து இறங்கினார்கள். கிஷனின் அப்பா ரெங்கசாமி லோரி வைத்துத் தொழில் செய்பவர். ஆள் அவரே ஒரு லோரி அளவு. ஆனால் வண்டியை ஓட்டுவது அவருடைய அக்கா பஞ்சவர்ணம். டெங்கிலில் இருந்து அதற்கென்றே வந்திருந்த அந்த அம்மாள் தலையசைத்தால்தான் ரெங்கசாமி மூச்சே விடுவார் என்று பேச்சு.

முன்னறை குளுகுளுவென்று இருந்தது. "சம்பந்தி, வீடு கேமரன் மலை மாதிரி இருக்கே!" என்றார் ரெங்கசாமி. சிவநேசன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எல்லாம் நம்ம கைவேலைதான். ஹாலோஜன எல்லாம் தூக்கிட்டு எல்இடி போட்டேன். தனி ஆளா!" என்று மார்பை நிமிர்த்தினார். அந்த நிமிர்த்தல்தான் பிறகு அவரைக் கழுத்தறுத்தது.

தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. வெற்றிலை, பாக்கு, பழம், பட்டு, பூ. ரெங்கசாமி எழுந்து தட்டைக் கையில் ஏந்தினார். "எங்க மகன் கிஷனுக்கு" என்று ஆரம்பித்தார்.

படத்துக்கு மேலிருந்த மூன்று விளக்குகளும் ஒரு முறை சிமிட்டின.

யாரோ சிரித்தார்கள். ரெங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "எங்க மகன் கிஷனுக்கு, உங்க..."

டக் டக் டக். வெளிச்சம் கலியமூர்த்தியின் முகத்தில் வந்து வந்து போனது. படத்திலிருப்பவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுபோலவே இருந்தது. பிறகு மூன்றும் ஒரேயடியாக அணைந்தன. கூரை முழுக்க மற்ற விளக்குகள் பளிச்சென்று எரிய, கலியமூர்த்தி மட்டும் இருட்டுக்குள் போய்விட்டார்.



"தம்பி, தட்டக் கீழ வை" என்றார் பஞ்சவர்ணம்.

"அக்கா, லைட்டுதானே..."

"வைன்னு சொன்னேன். வீட்டுக்குப் பெரிய மனுசன், தன் மக பரிசத்துல வேணாம்னு தலையாட்டுறாரு. நீ தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிற!"

விஷ்ணுப்ரியா பட்டுச்சேலை சரசரக்க எழுந்தாள். மருந்தகத்தில் வேலை செய்யும் பெண்; எதையும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் நம்புவாள். நேராக சிவநேசனைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கதானே மாத்துனீங்க? வயரிங்ல ஏதாச்சும் கோளாறா?"

அத்தனை கண்களும் சிவநேசன் பக்கம் திரும்பின. ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம்மா, பெட்டியை மாத்தாம விட்டுட்டேன். கூட்டம் சிரித்திருக்கும், தட்டு மாறியிருக்கும், பிரியாணி பரிமாறியிருப்பார்கள். சிவநேசனுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, கொஞ்சம் முன்பு நிமிர்த்திய மார்பும் நினைவுக்கு வந்தது.

"நான் மாத்துன லைட்டுல கோளாறே வராது" என்றார்.

விஷ்ணுப்ரியா அப்படியே உட்கார்ந்தாள். குமுதா எழுந்து போய்ப் படத்தின் முன் நின்று, இருட்டில் கணவன் முகத்தைத் தேடினாள். "அவருக்கு இஷ்டமில்ல" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், அறை முழுக்கக் கேட்டது.

வந்தவர்கள் கை நனைக்காமல் கிளம்பிப் போனார்கள். கிஷன் வாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்ச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டான். அவர்கள் காடி தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், மூன்று விளக்குகளும் ஒன்றுமே நடக்காததுபோல எரிய ஆரம்பித்தன.

பரிசத்துக்கு ஆக்கிய பிரியாணியில் ஒரு பெரிய பங்கை குமுதா அண்ணனுக்குத் தாபாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். சந்திரகலா அதை மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்தாள். ஷா ஆலம் தாண்டும்வரை சிவநேசன் வாயைத் திறக்கவில்லை. இது உலக அதிசயம். அந்த ரயிலில் இருந்த விளக்குகள் ஒன்றுவிடாமல் அவரையே பார்த்தன. கடுமையான விளக்குகள். சிமிட்டாமல் பார்த்தன.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? நண்டு ஒத்துக்கலையா?"

"நண்டு போன வாரம்லா."

"அப்ப இந்த வாரம் என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பிரியாணியை வாயில் வைத்தார். மணல் தின்பதுபோல இருந்தது. இன்னொரு கவளம் வைத்தார். சிமெண்டு கலந்த மணல்.

மறுநாள் துணி துவைக்க எடுத்த சந்திரகலா, காற்சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியை இழுத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு பக்கமும் மீசைபோல வயர்.

"இது என்னங்க?"

சிவநேசன் சொன்னார். மிகைப்படுத்தாமல் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை அதன் உண்மையான அளவில் சொன்னார். அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

சந்திரகலா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "புள்ள கேட்டுச்சே" என்றாள். "அத்தனை பேரு முன்னால எழுந்து நின்னு, உங்களப் பாத்துக் கேட்டுச்சே."

கைப்பேசி அடித்தது. விஷ்ணுப்ரியா.

"மாமா, அம்மா ராத்திரி சரியாவே தூங்கல. அந்த லைட்டுக்குக் கீழயே நாற்காலியப் போட்டு உக்காந்து அப்பாகிட்டப் பேசிட்டிருக்காங்க. சிமிட்டுனா வேணாங்கறாராம், எரிஞ்சா சரிங்கறாராம். காலையில என்ன பசியாறலாம்னுகூடக் கேட்டாங்க. தோசையா இடியப்பமான்னு."

"என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு சிவநேசன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாமா! விளையாடாதீங்க. கிஷன் பேரச் சொன்னப்போ மறுபடி அணைஞ்சிருச்சாம். அவன் அத்தை வேற சுங்கை வேயில ஒரு பொண்ணு இருக்குன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்களாம். அவன் போன்ல அழுறான்." "நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. வயரிங் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. பொய்யா இருந்தாலும் பரவால்ல. எனக்காக ஒரு பொய் சொல்லுங்க."

உண்மையைக் கொண்டுவந்து சிவநேசன் கையில் கொடுத்து, இதைப் பொய் என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சுகிறாள்.

"வரேம்மா" என்றார். "இப்பவே வரேன்."

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் போய் இறங்கினார். குமுதா கதவைத் திறந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் முகத்தில், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஒரு தெளிவு இருந்தது. இரண்டு வருடமாக அவர் இல்லாத வீட்டில் பேச ஆள் கிடைத்ததுபோல.

"வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா? அவரும் இப்பத்தான் எரிஞ்சாரு."

சிவநேசன் படத்தின் முன் நின்றார். விளக்குகள் ஒரு தடவை படபடத்தன.

"பாத்தீங்களா? உங்களக் கேக்குறாரு."

"குமுதா, உக்காரும்மா. அது மச்சான் இல்ல. பெட்டி. மேல ஒரு பழைய பெட்டி இருக்கு, அத நான் மாத்தல. எல்லாத்தையும் மாத்துனேன், அத மட்டும் விட்டுட்டேன். கை எட்டல. நீ நண்டு வெச்சிருந்த. தெரிஞ்சேதான் விட்டேன். அன்னிக்கு விஷ்ணு கேட்டப்போ கௌரவத்துக்காக மறைச்சுட்டேன்."

குமுதா பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையை மெதுவாக ஆட்டினாள்.

"விஷ்ணு சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்லம்மா, சத்தியமா..."

"அவ காலையில உங்ககிட்டப் போன்ல பேசுனது எனக்குக் கேட்டுச்சுண்ணே. எனக்காக ஒரு பொய் சொல்லுங்கன்னு. நீங்க பாசத்துல சொல்றீங்க. எனக்குப் புரியுது."

வாழ்நாள் முழுக்க அவர் அளந்துவிட்டதையெல்லாம் நம்பிய தங்கை. கருகிய மீசையைக்கூட நம்பியவள். ஒரே ஒரு நாள் அவர் உண்மையைச் சொன்னபோது நம்ப மறுத்துவிட்டாள்.

"பழைய பல்பு இருக்கா? தூக்கிப் போட்டுட்டியா?"

"அவரு கை பட்டத தூக்கிப் போடுவேனா?" உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஹாலோஜன் விளக்கும் பஞ்சில் பொதிந்து, குஞ்சு பொரிக்கப்போகும் முட்டைகள்போல உள்ளே இருந்தது. சிவநேசன் ஏணியில் ஏறினார். விஷ்ணுப்ரியா அறையிலிருந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று எல்இடியைக் கழற்றினார், மூன்று ஹாலோஜனை மாட்டினார். சுவிட்சைப் போடச் சொன்னார்.

மஞ்சள் வெளிச்சம் பொழிந்தது. பழகிய தீனியைக் கண்ட பழைய பெட்டி ஆடாமல் அசையாமல் வேலை பார்த்தது. கலியமூர்த்தியின் முகம் தங்கமாக ஜொலித்தது.

"பேரச் சொல்லிப் பாரும்மா" என்றார் சிவநேசன், ஏணியின் மேலிருந்து. வழுக்கைத் தலையில் சூடு ஏறியது.

குமுதா கைகளைக் கூப்பிக்கொண்டாள். "ஏங்க, கிஷன்." ஆடவில்லை. "கிஷனுக்குக் கொடுக்கலாமா?" ஆடவில்லை. ரொம்ப நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவருக்கு மாப்பிள்ளை மேல கோவமில்ல."

"இல்லம்மா! அதத்தானே நானும் சொல்றேன்..."

"உங்க மேல கோவம்."

சிவநேசன் ஏணியின் மேல்படியைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு லைட்ட எடுத்துட்டீங்க. மக பரிசம் இந்த வெளிச்சத்துலதான் நடக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாரு? அத எடுத்துட்டுத் தட்டத் தூக்குனா சும்மா இருப்பாரா? நீங்க அவருகிட்ட என்னண்ணே சொன்னீங்க?"

"எப்ப?"

"மாட்டுனப்போ. ஏதாச்சும் சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லாம இருக்கற ஆளா?"

பையில் பெட்டி கனத்தது. அதை இப்போதே மேலே நுழைத்து, எல்இடியும் ஆடாமல் எரிவதைக் காட்டிவிடலாம். இதில் கலியமூர்த்தியும் இல்லை, கோபமும் இல்லை, ஒரு சட்டி நண்டும் ஒரு சோம்பேறிக் கையும்தான் இருக்கின்றன என்று நிரூபித்துவிடலாம். நிரூபித்தால் வாதத்தில் மச்சானை இரண்டாவது தடவையும் ஜெயித்ததாகிவிடும். அவன் இருந்தவரை ஒரு முறைகூட ஜெயிக்க முடியாத வாதம். ஆள் போகும்வரை காத்திருந்து, ஏணியைப் போட்டு ஏறி ஜெயித்த வாதம்.

"தோத்துட்ட மச்சான்னு சொன்னேன்" என்றார். ஏணியில் நிற்பவர் குரல்போல அது இல்லை. எங்கோ கீழே கிடப்பவர் குரல்போல இருந்தது. "சொல்லிட்டுக் கண்ணடிச்சேன்."

குமுதா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அதான்" என்றாள். "அதான் அவரும் திருப்பிக் கண்ணடிச்சிருக்காரு."

கிளம்பும்போது விஷ்ணுப்ரியா வாசல் கேட்வரை வந்தாள். "தேங்க்ஸ் மாமா. எப்படி மாமா அந்தப் பெட்டிக் கதையெல்லாம் அவ்வளவு நம்புற மாதிரி..."

சிவநேசன் பையிலிருந்து அதை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் வழக்கம்போல முதலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கே தெரியுமா? நான் கேட்டப்போ?"

"தெரியும்மா."

"பொய் சொல்லுங்கன்னு உங்ககிட்டக் கெஞ்ச வெச்சிட்டீங்களே மாமா."

பெட்டியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிவநேசன் ரயில் நிலையம்வரை நடந்தார். நூறு மைல் நடந்தது போலிருந்தது.

குமுதாவின் விளக்கம் தொலைபேசி வழியாக டெங்கிலுக்குப் போனது. பஞ்சவர்ணம் அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார். இறந்தவருக்குத் தாய்மாமன் மேல் கோபம் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்றே சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தாய்மாமனே படத்துக்கு வெற்றிலை வைத்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மறுபடி மூன்று காடிகள். படத்துக்கு மேல் மட்டுமல்ல, கூரை முழுக்க ஹாலோஜன் வேண்டும் என்று குமுதா பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், முந்திய நாள் முழுக்க சிவநேசன் ஏணியிலேயே குடியிருந்து, தாம் கழற்றிய பழைய பெட்டிகளையெல்லாம் திரும்ப நுழைத்திருந்தார். முன்னறை சுண்ணாம்புக் காளவாய் போல் கொதித்தது. ரெங்கசாமி இறங்கி வந்தபோது லோரி அளவு இருந்தவர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேன் அளவுக்கு வற்றியிருந்தார். பஞ்சவர்ணத்தின் நெற்றிக் குங்குமம் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வீட்டுப் பெரிய மனிதரின் வெளிச்சம்.

"சொல்லுங்க" என்றார் பஞ்சவர்ணம்.

சிவநேசன் வெற்றிலைத் தட்டோடு படத்தின் முன் போய் நின்றார். ஊர் கேட்கப் பேசியே பழகிய வாய். இந்த இடத்தில் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லி, அறையையே சிரிக்க வைத்து, தன்மேல் உள்ள பழியைக் கழுவிக்கொண்டு போய்விடலாம். ஆரம்பிக்கவும் செய்தார். "மச்சான், ஒனக்கே தெரியும், என் முழங்கால்..." என்றவர், பக்கவாட்டில் ஒரு பார்வையை உணர்ந்து நிறுத்தினார். விஷ்ணுப்ரியா. பரிசப் பட்டில், அப்பா சொன்ன அதே வெளிச்சத்தில், அப்பா சொன்னபடியே தங்கமாக ஜொலித்துக்கொண்டிருந்தாள். அன்று வாசல் கேட்டுக்கு அருகே நடந்ததிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

முழங்காலை விட்டுவிட்டார்.

"நீ இருக்கும்போது ஜெயிக்கத் துப்பில்ல மச்சான்" என்றார். "நீ போனப்புறம் ஏறி வந்து ஜெயிச்சேன். ஒம்மவ கேட்டப்போ வாயத் தொறக்கல. தப்புதான்."

அவர் கூட்டிச் சொல்லாததால் யாரும் சிரிக்கவில்லை. விளக்குகள் அசையாமல் எரிந்தன. அவருடைய உச்சந்தலை மட்டும் அடுப்பில் வைத்த கல்போலச் சுட்டது. பின்னால் ரெங்கசாமி எழுந்து, "எங்க மகன் கிஷனுக்கு" என்று ஆரம்பித்து, தன்னையறியாமல் கூரையைப் பார்த்து நிறுத்தினார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கிஷன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. ரெங்கசாமி மூச்சு விட்டுவிட்டு மீதியையும் சொல்லி முடித்தார்.

தட்டைத் தொட்டுக் கொடுக்க தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். சிவநேசன் போய் மருமகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். முழங்கைக்குப் பக்கத்தில், உதடு அசையாமல், ஒரு குரல் வந்தது.

"சீக்கிரம் மாமா. நான் கருவாடா ஆயிடப் போறேன்."

சிவநேசன் தட்டைத் தொட்டார். பெரிதாகச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் தலைக்கு நேர் மேலே கலியமூர்த்தியின் வெளிச்சம் இருந்ததால், நிமிராமல், வேர்த்துக்கொண்டே நின்றார்.